சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பிள்ளைங்ககிட்ட பணம் பேசுறது எப்படி? மொதல்ல நம்ம நோட்டைத் திறங்க

எங்க ஊர்ப்பக்கம் மொய் நோட்டு இல்லாத வீடே கிடையாது. 1998-ல காதுகுத்துக்கு யாரு 51 ரூபா செஞ்சாங்க, எந்த ஊரு, யாரு வழியில சொந்தம்னு வரைக்கும் எழுதி டிரங்குப் பெட்டில கெடக்கும், பத்திரிகை வந்தா அதை எடுத்துப் பாத்துட்டுத்தான் நாம எவ்வளவு செய்யணும்னே முடிவாகும். அம்புட்டு கணக்கா இருக்கிற அதே வீட்டுல அப்பாவுக்கு கைக்கு எவ்வளவு வருது, வீட்டு லோன் இன்னும் எத்தன வருஷம், அம்மாவோட செயின் பீரோவுல இருக்கா இல்ல பேங்க்ல அடகுல இருக்கான்னு 23 வயசு பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியக்கூடாதுன்னே வளத்திருக்கோம். அப்புறம் திடீர்னு ஒருநாள் "உனக்கு பணத்தோட அருமை தெரியல"ன்னு கத்துறோம், அதுக்கு எங்க தெரியும், நாமதான் காட்டவே இல்லையே.

நான் மதுரையில ஒரு ஜவுளிக்கடையில 22 வருஷமா கணக்கு எழுதுறேன். வீட்டுக்காரரு மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. பொண்ணு சென்னையில ஐடி, பையன் கோயம்புத்தூர்ல பம்ப் கம்பெனில சேந்து ரெண்டு வருஷம் ஆகுது. பொண்ணு விஷயத்துல நான் நல்லா சொதப்பினேன், பையன் விஷயத்துல கொஞ்சம் தேறிட்டேன். அந்த ரெண்டையும் வெச்சுத்தான் இத எழுதுறேன், பெரிய நிபுணர்லாம் இல்ல.

என்ன சொதப்பல்னா, பொண்ணு மதுரையிலயே மொத வேலைக்கு சேந்தப்ப அவ ஏடிஎம் கார்டை நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். கெட்ட எண்ணத்துல இல்லைங்க, எங்க அம்மா காலத்துல இருந்து சம்பளத்த கொண்டுவந்து அம்மா கையில குடுக்குறதுதான் பழக்கம். மாசம் 6,000 அவ செலவுக்கு குடுத்துட்டு மிச்சத்துல நகைச்சீட்டு, ஆர்டி எல்லாம் போட்டேன், எல்லாம் அவ பேர்லதான், பெருமையா வேற சொல்லிக்கிட்டேன். மூணு வருஷம் கழிச்சு சென்னையில நல்ல வேலை கெடச்சு போனா. எட்டாவது மாசம் ராத்திரி 11 மணிக்கு போன், அழுகை, கிரெடிட் கார்டுல 40,000 நிக்குதுன்னு. 25 வயசுல அந்த எட்டு மாசமாத்தான் அவ வாழ்க்கையில மொத தடவையா முழு சம்பளத்த கையாண்டிருக்கா, நான் சேத்து வெச்ச நகையெல்லாம் பத்திரமா இருக்கு, ஆனா ஒரு மாசத்த ஓட்டுறது எப்படின்னு மட்டும் அவளுக்கு கத்துக்குடுக்கல.

புருஷன் பொண்டாட்டி மொதல்ல பேசுங்க

பிள்ளைய கூப்பிட்டு உக்கார வெக்கிறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரணும். பெரும்பாலான வீட்டுல என்ன நடக்குதுன்னா அப்பா "இனிமே ஒரு ரூபா தரமாட்டேன்"னு வீராப்பா சொல்லுவாரு, அம்மா அடுப்படில நின்னுக்கிட்டு ஜிபேல 2,000 அனுப்பிவிட்டு "அப்பாகிட்ட சொல்லாத"ன்னு மெசேஜ் போடுவாங்க. சில வீட்டுல அப்படியே தலைகீழா நடக்கும். இப்படி இருந்தா எந்தப் பேச்சும் நிக்காது, பிள்ளைக்கு எந்தக் கதவைத் தட்டணும்னு ரொம்ப நல்லாவே தெரியும். அதனால மாசம் எவ்வளவு வரைக்கும் உதவுவோம், எந்த மாசத்தோட நிறுத்துவோம், எதுக்கு மட்டும் எப்பவும் குடுப்போம் (எங்களுக்கு அது ஆஸ்பத்திரி செலவு மட்டும்தான்) இந்த மூணையும் ரெண்டு பேரும் பேசி ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. இதுக்கே எங்களுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு, ஒரு சண்டையும் ஆச்சு.

அப்புறம் எப்ப பேசுறதுங்கிறது. சம்பளம் போட்ட அன்னைக்கு வேணாம், மாசக் கடைசில பணம் கேட்டு போன் வந்தப்பவும் வேணாம், கல்யாண வீட்டுக்கு கெளம்புற அவசரத்துல சுத்தமா வேணாம். சித்தப்பா பெரியம்மா யாராச்சும் வீட்டுல இருந்தா அன்னைக்கு அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, மத்தவங்க முன்னாடி சம்பளத்த கேக்குறது பிள்ளைக்கு எவ்வளவு சங்கடம்னு நமக்கு புரியுறதில்ல. பொங்கல் லீவுல மாட்டுப்பொங்கல் அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் சும்மா கெடப்போம் பாருங்க, அந்த மாதிரி நேரம் சரி. நாங்க மொட்டமாடியில உக்காந்தோம். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு விஷயம், அவ்வளவுதான். எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டுனா அது பேச்சு இல்ல, பிரசங்கம்.

மொத நாள் நம்ம கணக்கு, பிள்ளையோடது இல்ல

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்னு படுது. மொத தடவை உக்காரும்போது பிள்ளையோட சம்பளத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதீங்க, நம்ம நோட்டை திறந்து வைங்க. வீட்டுக்கு எவ்வளவு வருது, மளிகை, கரண்ட் பில், கேஸ், மருந்துக்கு எவ்வளவு போகுது, எந்த லோன் எவ்வளவு பாக்கி, எந்த நகை அடகுல இருக்கு, மீட்க எவ்வளவு ஆகும், ரிட்டயர் ஆனா என்ன வரும்னு எல்லாத்தையும் சொல்லணும்.

வீட்டுக்காரருக்கு மில்லுல இருந்து வர்ற பிஎஃப் பென்ஷன் 2,000 சொச்சம். பையன் அத கேட்டுட்டு "மாசம் 20,000 வரும்னு நெனச்சேம்மா"ன்னான். அவன் தப்பு இல்ல, பென்ஷன்னா கவர்மெண்ட் பென்ஷன் மாதிரின்னு நெனச்சிருக்கான். அடிப்படைச் சம்பளத்துல கம்பெனி பிஎஃப்புக்குன்னு போடுற 12 சதவீதத்துல 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்கு போகும், அதுவும் 15,000 ரூபா சம்பளம் வரைக்கும்தான் கணக்கு, எவ்வளவு வருஷம் உழைச்சாலும் இந்த பென்ஷன் ரொம்ப பெருசா வராது, குறைஞ்சபட்சம்னு 2014-ல இருந்து 1,000 ரூபா வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். இத விளக்கிச் சொன்னப்பதான் அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு, அப்பா கையில இருக்கிற பிஎஃப் பணம் அவன் பைக்குக்கோ கல்யாணத்துக்கோ எடுத்து வெச்ச பணம் இல்ல, எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் இருபது வருஷத்து சாப்பாடுன்னு. நாங்க அறிவுரையா சொல்லிருந்தா காதுலயே வாங்கியிருக்க மாட்டான், நம்பர பாத்ததும் அவனா சொன்னான்.

ஒரு எச்சரிக்கை. நோட்டை திறக்கும்போது அழக்கூடாது. "உனக்காகத்தான் என் வளையல வித்தேன்", "நாங்க பட்டினி கெடந்து உன்ன படிக்க வெச்சோம்" இந்த வசனம் ஒண்ணு வாயில வந்தாலும் பேச்சு அங்கயே முடிஞ்சுரும், பிள்ளை குற்ற உணர்ச்சியில தலைய ஆட்டும், மறுநாள்ல இருந்து உங்ககிட்ட எல்லாத்தையும் மறைக்கும். கடைக்காரர் கணக்கு சொல்ற மாதிரி சொல்லுங்க. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு.

பொண்ணு பையன் ரெண்டு பேரும் இருந்தா ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சே பேசுங்க. வீடு யாருக்கு, நகை யாருக்குன்னு மனசுல ஒரு முடிவு வெச்சுக்கிட்டு வெளிய சொல்லாம இருக்கிறதுதான் பின்னாடி கோர்ட்டு வரைக்கும் போகுது. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சமபங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துருச்சு, நாடு முழுக்க 2005-ல வந்துச்சு, இது பையனுக்கும் தெரியணும், பொண்ணுக்கும் தெரியணும். எங்க வீட்டுல இதச் சொன்னப்ப பையன் ஒண்ணும் பேசல, பொண்ணுதான் அழுதா, ஏன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல.

ரெண்டாவது தடவை: சம்பள சீட்டு

அடுத்த தடவை பிள்ளையோட பே ஸ்லிப்ப எடுத்து சேந்து படிங்க. சண்ட போடாம பேச இதவிட நல்ல வழி இல்ல, ஏன்னா கோபப்பட வேண்டியது கம்பெனி மேலதான். எங்க பையனுக்கு ஆஃபர் லெட்டர்ல வருஷம் 4.2 லட்சம் சிடிசின்னு (அவனுக்காக கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவு) இருந்துச்சு, 12-ஆல வகுத்து 35,000-னு நெனச்சு பைக் இஎம்ஐ வரைக்கும் மனசுல போட்டுட்டான். மொத மாசம் கைக்கு 30,000 முழுசா வரல. கம்பெனி பங்கு பிஎஃப் 1,800 அந்த 35,000-க்குள்ளயே அடக்கம், அவன் பங்கு இன்னொரு 1,800 பிடிச்சாங்க, கிராஜுவிட்டின்னு (வேலைய விடும்போது குடுக்குற பணம்) ஒரு எழுநூறு சொச்சம், குரூப் இன்சூரன்ஸ், தொழில் வரி, எல்லாம் சேந்து முழுங்கிருச்சு. வேரியபிள் பேன்னு (வேலையப் பொறுத்து கூடக்குறைய வர்ற பணம்) ஒண்ணு இருந்தா அதையும் மாசக் கணக்குல சேக்காதீங்க, அது வந்தா லாபம்.

இந்த ஸ்லிப்ப வெச்சு மூணு விஷயம் கண்டிப்பா சொல்லிக்குடுங்க. மொதல்ல யூஏஎன், அதாவது பிஎஃப்புக்கான அடையாள நம்பர், ஒருத்தருக்கு ஒண்ணுதான், கம்பெனி மாறுனாலும் அதே நம்பர்தான், பழைய பிஎஃப்ப புதுசுக்கு மாத்திக்கணுமே தவிர வேலை விட்டதும் உருவி செலவு பண்ணக்கூடாது, அஞ்சு வருஷம் சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா அதுக்கு வரியும் உண்டு, 8.25 சதவீத வட்டி இவங்க வயசுல வேற எங்க ரிஸ்க் இல்லாம கெடைக்கும்.

ரெண்டாவது வருமான வரி. நம்ம தலைமுறைக்கு "வரி மிச்சம் பண்ண பாலிசி போடு"ங்கிறது ஒரு மந்திரம். 2025-26-ல இருந்து புது முறையில சம்பளக்காரங்களுக்கு வருஷம் 12.75 லட்சம் வரைக்கும் வரியே வராது, அந்த முறையில பாலிசி, சேமிப்புக்குன்னு 80சி-ல குடுத்த கழிவும் கெடையாது. வருஷம் நாலஞ்சு லட்சம் வாங்குற பிள்ளைக்கு வரிய மிச்சம் பண்றேன்னு 20 வருஷ எண்டோமென்ட் பாலிசிய (சேமிப்பும் இன்சூரன்ஸும் கலந்தது) தலையில கட்டுனா அது யாருக்கு லாபம்னு யோசிங்க. வீட்டுக்கு வர்ற ஏஜென்ட் பெரும்பாலும் நம்ம சொந்தக்காரராத்தான் இருப்பாரு, அதுதான் சிக்கல், மறுக்க முடியாது. நான் என்ன பண்ணேன்னா "அவன் கணக்க அவன்தான் பாக்குறான் அண்ணே, அவன்கிட்டயே பேசுங்க"ன்னு கையக் கழுவிட்டேன். அவன் பேசவே இல்ல, அது வேற விஷயம். கம்பெனி குடுக்குற மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலை போனா கூடவே போயிரும், அதனால சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, அவங்கள நம்பி யாராச்சும் இருந்தா ஒரு டெர்ம் பாலிசி (உயிருக்கு ஏதாச்சும் ஆனா மட்டும் குடும்பத்துக்கு பணம் வரும்), இது போதும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் எடுத்துட்டாங்க.

மூணாவது, அக்கவுண்ட்டும் கார்டும் பின் நம்பரும் அவங்ககிட்டயே இருக்கணும். என்னை மாதிரி வாங்கி வெச்சுக்காதீங்க.

படிப்பு லோன் யாரு கட்டுறது?

இத தெளிவா பேசாத வீடுதான் அதிகம், அப்பா பிள்ளை கட்டும்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு, பிள்ளை அப்பா கட்டுறாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும், சில வீட்டுல அரசாங்கம் எப்பயாச்சும் தள்ளுபடி பண்ணும்னு ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. 4 லட்சம் வரைக்கும் பேங்க் ஜாமீன் கேக்காது, ஆனா அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரரா கையெழுத்து போட்டிருப்பாங்க, கட்டாம விட்டா பிள்ளையோட சிபிலும் (கடன ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற மதிப்பெண்) போகும், நம்ம சிபிலும் போகும். 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 7 வருஷம்னா மாசம் சுமார் 6,640 வரும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கட்ட வேணாம்னு விடுவாங்க பாருங்க, அப்ப வட்டி சும்மா இருக்காது, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டுமே 40,000 ஏறிருக்கும். வேலை கெடச்ச மொத மாசத்துல இருந்தே வட்டிய மட்டுமாவது கட்டச் சொல்லுங்க. இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைங்க வீட்டுக்கு ஒண்ணு, குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா தொழிற்கல்வி படிப்புகளுக்கு படிக்கிற காலத்து வட்டிய மத்திய அரசு மானியமா குடுக்குற திட்டம் இருக்கு, பேங்க்ல தானா சொல்ல மாட்டாங்க, நாமதான் வருமானச் சான்றிதழோட போயி கேக்கணும்.

எங்க வீட்டுல முடிவு பண்ணது: இஎம்ஐ பையன் அக்கவுண்ட்ல இருந்து போகும். மொத ஆறு மாசம் பாதிய நாங்க அவனுக்கு அனுப்புவோம், அதுக்கப்புறம் முழுசும் அவன். பணத்த நேரா பேங்க்ல நாங்க கட்டாம அவனுக்கு அனுப்பி அவன கட்ட வெச்சதுக்கு காரணம், 5-ஆம் தேதி அக்கவுண்ட்ல பணம் இருக்கணும்ங்கிற பயம் அவனுக்கு வரணும்னுதான்.

பில்லுகள ஒவ்வொண்ணா கைமாத்துங்க

திடீர்னு எல்லாத்தையும் நிறுத்துனா பிள்ளை தடுமாறும், எதையும் நிறுத்தலன்னா 30 வயசுலயும் அம்மாதான் ரீசார்ஜ் பண்ணணும் (பண்றாங்க, எங்க தெருவுலயே ரெண்டு பேரு இருக்காங்க, ஒருத்தனுக்கு கல்யாணமே ஆயிருச்சு). மொத மாசம் போன் ரீசார்ஜும் ஓடிடி சந்தாவும் அவங்களது. அடுத்து துணிமணி, ஊருக்கு வந்து போற பஸ் டிக்கெட். மூணாவது மாசம் வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ். ஆறாவது மாசத்துக்குள்ள ரூம் வாடகையும் சாப்பாடும் முழுசா அவங்க கைக்கு போயிரணும். தேதிய காலண்டர்ல எழுதிருங்க, தினசரி காலண்டர் இல்ல, அடுப்படியில மாட்டுற மாச காலண்டர், எல்லாரு கண்ணுலயும் படும். சம்பளம் கம்மியா இருக்கிற பிள்ளைக்கு ஆறு மாசம் ஒரு வருஷமா ஆகலாம், தப்பில்ல, ஆனா தேதின்னு ஒண்ணு இருக்கணும்.

ரூமுக்கு அட்வான்ஸ் குடுக்கிறது பெரிய தொகை, அத பிள்ளையால மொத மாசமே பெரட்ட முடியாது. குடுங்க, ஆனா கடனா குடுங்க. நோட்டுல தேதி போட்டு எழுதி, வீட்ட காலி பண்ணும்போது ஓனர் திருப்பிக் குடுக்குற பணம் நமக்கு வரணும்னு சொல்லிருங்க. மொய் நோட்டுல எழுதுறப்ப வராத கூச்சம் இதுல மட்டும் எதுக்கு?

இதுல பேச மறந்துடுற இன்னொரு பக்கமும் இருக்கு, பிள்ளை வீட்டுக்கு எவ்வளவு குடுக்கணும்ங்கிறது. சில அப்பா அம்மா "எங்களுக்கு எதுவும் வேணாம்பா"ன்னு வாயில சொல்லிட்டு மனசுல எதிர்பாத்து உக்காந்திருப்பாங்க, குடுக்கலன்னா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட புலம்புவாங்க. வேணும்னா வேணும்னு தொகையச் சொல்லுங்க. நாங்க பையன்கிட்ட மாசம் 3,000 கேட்டோம், கேஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் அது. பொண்ணுகிட்டயும் அதே 3,000, கல்யாணம் ஆனா என்ன பண்றதுன்னு அவளே கேட்டா, "அத நீயும் வர்றவரும் பேசி முடிவு பண்ணுங்க, ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியே பேசிருங்க"ன்னு சொன்னேன். அவங்க கல்யாணச் செலவுக்கு எவ்வளவு எங்களால முடியும்னும் ஒரு நம்பரச் சொல்லிட்டோம். அதுக்கு மேல மண்டபம் வேணும்னா அது அவங்க பணம்.

கடன் வெளிய வரும்போது

எப்படிப் பேசுனாலும் ஒரு தடவை ஏதாச்சும் ஒண்ணு வெடிக்கும். அந்த 40,000 ரூபா கிரெடிட் கார்டு கதைக்கு வரேன். பொண்ணு மாசாமாசம் மினிமம் டியூ (குறைஞ்சபட்சமா கட்ட வேண்டிய தொகை) மட்டும் கட்டிட்டு கடனைக் கட்டிக்கிட்டு வர்றோம்னு நெனச்சிருக்கா. கணக்கு போட்டுப் பாருங்க. 40,000-க்கு 5 சதவீதம்னா 2,000 கட்டுறா. வட்டி மாசத்துக்கு 3.5 சதவீதம், அதுவே 1,400. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 252. மிச்சம் 348 ரூபாதான் அசல்ல கழியுது! இதுல பாக்கி வெச்சிருக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிற பால் பாக்கெட்டுக்கும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும், அந்த வட்டியில்லாத 45 நாள் சலுகையெல்லாம் போயிரும். இந்தக் கணக்க அவ முன்னாடி பேப்பர்ல போட்டப்ப அவளே கார்டை மடக்கப் பாத்தா, நான்தான் "உடைச்சா கடன் போகாதுடி"ன்னேன்.

அன்னைக்கு நான் சரியா செஞ்ச ஒரே விஷயம் ராத்திரி போன்ல திட்டாம "சாப்பிட்டியா, படு, சனிக்கிழமை ஸ்டேட்மென்ட எடுத்துட்டு வா"ன்னு சொன்னதுதான். சனிக்கிழமை மூணு மாச ஸ்டேட்மென்ட ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டோம், சாப்பாடு ஆர்டருக்கு ஒரு கலரு, துணிக்கு ஒரு கலரு, நான் ஒண்ணும் சொல்லல, கலரே சொல்லிருச்சு. கார்டு பாக்கிய நாங்க அடைச்சோம், ஆனா அது அவ எங்களுக்கு தரவேண்டிய கடன், மாசம் 4,000, பத்து மாசம், வட்டி இல்ல. ஒரு மாசம் கூட விடல. கார்டை கேன்சல் பண்ணச் சொல்லல, லிமிட்ட 20,000-ஆ குறைச்சு முழு பில்லும் தானா கட்டுற மாதிரி ஆட்டோ டெபிட் போட்டா. இதே ரெண்டாவது தடவை நடந்திருந்தா காசு தந்திருக்க மாட்டோம், பேங்க்ல பேசி பாக்கிய குறைஞ்ச வட்டி இஎம்ஐயா மாத்த உதவியிருப்போம், அதையும் அன்னைக்கே சொல்லிட்டோம்.

பசங்ககிட்ட தனியா கேக்க வேண்டியது சிலது இருக்கு. ஆப்ஷன்ஸ் டிரேடிங் (ஷேர் விலை ஏறும் எறங்கும்னு பந்தயம் கட்டுற மாதிரி) பண்றியாடான்னு நேரா கேளுங்க. ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி 2024-ல வெளியிட்ட ஆய்வுல மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான், ஒருத்தருக்கு சராசரியா சுமார் 2 லட்சம். "நான் அந்த 7 சதவீதம்"னுதான் எல்லா பசங்களும் சொல்லுவாங்க. அப்ப புரோக்கர் ஆப்ல பி அண்ட் எல் (லாப நஷ்டம்) பக்கத்த திறந்து காட்டச் சொல்லுங்க, வாக்குவாதம் வேணாம். ரம்மி மாதிரி காசு வெச்சு விளையாடுற ஆப்ப எல்லாம் 2025-ல மத்திய அரசு சட்டம் போட்டு தடை பண்ணிருச்சு, ஆனா அதுக்கு முன்னாடி வாங்கின கைமாத்து கடன் தடையாகாதுல்ல, அதையும் கேளுங்க.

அடுத்து லோன் ஆப். அஞ்சு நிமிஷத்துல பணம்னு சொல்லி காண்டாக்ட் லிஸ்ட எடுத்துக்கிட்டு அப்புறம் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அசிங்கமா மெசேஜ் அனுப்புற கும்பல் அது. மாட்டிக்கிட்டா பிள்ளை மொதல்ல நம்மகிட்ட வரணும், அதுக்கு ஒரே வழி "எவ்வளவு பெரிய தப்பா இருந்தாலும் என்கிட்ட சொல்லு, அன்னைக்கு நான் திட்ட மாட்டேன்"னு முன்கூட்டியே வாக்கு குடுக்கிறது, குடுத்துட்டு காப்பாத்துறது. இதுல சமீபமா இன்னொண்ணு, "உன் பேங்க் அக்கவுண்ட்ட குடு, மாசம் 5,000 தரேன்"னு காலேஜ் பசங்கள வளைக்கிறாங்க. மோசடிப் பணம் அந்த அக்கவுண்ட் வழியா போகும், அப்புறம் அக்கவுண்ட் முடங்கும், போலீஸ் பிள்ளையத்தான் தேடி வரும். சைபர் மோசடிக்கு 1930-னு நம்பர், வீட்டுல எல்லாரு போன்லயும் பதிஞ்சு வைங்க. ஆபீஸ்ல சீட்டு போடுறேன்னு சொன்னா அது பதிவுத்துறையில பதிவான சீட்டான்னு பாக்கச் சொல்லுங்க, 1982 சீட்டு நிதிச் சட்டத்துக்குள்ள வராத சீட்டுக்காரர் ராத்திரியோட ராத்திரியா ஓடுனா பணத்த திரும்ப வாங்குறது ரொம்ப கஷ்டம்.

எவ்வளவு பாசம் இருந்தாலும் இருக்கிற ஒரே வீட்ட பிள்ளையோட பிசினஸ் லோனுக்கு அடமானம் வைக்காதீங்க. இதுக்கு மேல இத விளக்க வேண்டியதில்ல.

பேசவே மாட்டேங்குதுன்னா

சில பிள்ளைங்க பணம்னு வாயத் திறந்தாலே போனை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிரும். கட்டாயப்படுத்தாதீங்க, எங்க வீட்டுலயும் பையன் மொத தடவை அப்படித்தான் போனான். நான் எங்க மாசக் கணக்குப் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டு விட்டுட்டேன், எந்த கேள்வியும் கேக்கல. அடுத்த மாசமும் அனுப்புனேன். மூணாவது மாசம் "மருந்துக்கு ஏம்மா இவ்வளவு ஆகுது, ஜெனரிக் வாங்குனா பாதி விலைல"ன்னு ரிப்ளை வந்துச்சு. அங்க இருந்துதான் எங்க பேச்சே ஆரம்பிச்சுச்சு. இப்ப மாசத்துல ரெண்டாவது ஞாயிறு வீடியோ கால், அரை மணி நேரம், அவன் பக்கத்த அவன் காட்டுவான், எங்க பக்கத்த நாங்க காட்டுவோம்.

கடைசியா வைக்க வேண்டிய பேச்சு பேப்பர்களப் பத்தி. எந்த பேங்க்ல எஃப்டி, எல்ஐசி பத்திரம் எங்க, வீட்டுப் பத்திரம் எங்க, யாரு நாமினின்னு பிள்ளைங்களுக்கு காட்டிருங்க. 2025 நவம்பர் 1-ல இருந்து ஒரு பேங்க் அக்கவுண்ட்டுக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், யாருக்கு எத்தன சதவீதம்னும் பிரிச்சுக் குடுக்கலாம், பொண்ணு ஒருத்தி பையன் ஒருத்தன்னு இருக்கிற வீட்டுக்கு இது நல்ல வசதி. போன தீபாவளிக்கு பையன் எங்க பாஸ்புக்கெல்லாம் புரட்டிட்டு "அப்பா, இந்த அக்கவுண்ட்டுக்கு நாமினி இன்னும் அப்பத்தாதான்"னு சொன்னான். எங்க அத்தை காலமாயி 11 வருஷம் ஆச்சு. திங்கக்கிழமை அவனே லீவு சொல்லிட்டு அவரக் கூட்டிட்டுப் போயி ஃபார்ம் எழுதி மாத்திட்டு வந்தான். நீங்க போறப்ப பாஸ்புக்கோட நாமினியோட ஆதார் ஜெராக்ஸும் ரெண்டு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா சில பேங்க்ல அதுக்கு ஒருதடவை திருப்பி அனுப்புவாங்க.